உயரம் 579 மீட்டர்தான், ஆனால் ஒரு முழு நாள் வேண்டும்

கேள்வி சுருக்கமாக இது: படிக்க வந்து எட்டு மாதமாக எடின்பரோவில் இருக்கிறீர்கள். மலையேறிப் பழக்கம் இல்லை, கார் இல்லை. அறைத்தோழியும் நீங்களும் ஒரு சனிக்கிழமை காலையில் கிளம்பி, இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும். பெரிய மலை வேண்டாம், 500 - 600 மீட்டர் குன்றுகள் போதும். எங்கே போகலாம், அவ்வளவு சிறிய குன்றுக்கும் மேப், நல்ல ஷூ எல்லாம் தேவையா?

எங்கே என்பதற்குப் பதில் எளிது. நகரத்துக்குத் தெற்கே உள்ள பென்ட்லண்ட் குன்றுகள். ஃப்ளாட்டர்ஸ்டோன் என்ற பஸ் நிறுத்தத்தில் தொடங்கி, டர்ன்ஹவுஸ் ஹில், கார்னெத்தி ஹில், ஸ்கால்ட் லா, ஈஸ்ட் கிப், வெஸ்ட் கிப் என்று ஐந்து உச்சிகளையும் வரிசையாகத் தாண்டி, பள்ளத்தாக்கில் இறங்கி, இரண்டு நீர்த்தேக்கங்களின் ஓரமாகவே நடந்து புறப்பட்ட இடத்துக்கு வந்துவிடலாம். பன்னிரண்டு வருடங்களில் இந்தச் சுற்றை முப்பது தடவையாவது நடந்திருப்பேன். முதன்முதலில் மலைக்குப் போகிறவர்களுக்கு இதைவிட நல்ல ஒரு நாளை என்னால் சொல்ல முடியவில்லை.

மேப்பும் ஷூவும் கட்டாயம் தேவை. ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பதில் நீளமாகப் போகிறது.

முதலில் உயரத்தைப் பற்றிய ஒரு மயக்கத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஸ்காட்லாந்தில் மலை என்றதும் எல்லோர் வாயிலும் வருவது மன்ரோ. 3,000 அடிக்கு, அதாவது 914 மீட்டருக்கு மேற்பட்ட மலைகளை ஹ்யூ மன்ரோ என்பவர் 1891-ல் பட்டியல் போட்டார், அவர் பெயரே நிலைத்துவிட்டது. இன்றைய கணக்கில் 282 மன்ரோக்கள். அதற்குக் கீழே 2,500 அடிக்கு மேல் கார்பெட், அதற்கும் கீழே கிரஹாம் என்று பட்டியல் இறங்கிக்கொண்டே போகும். பென்ட்லண்டில் உள்ள ஒரு குன்றுகூட 2,000 அடியைத் தொடுவதில்லை. மிக உயர்ந்த ஸ்கால்ட் லாவே 579 மீட்டர்தான். கார்னெத்தி 573, வெஸ்ட் கிப் 551, ஈஸ்ட் கிப் 534, டர்ன்ஹவுஸ் 506. எண்களைப் பார்த்தால் மாலை நடைக்குப் போய் வரலாம் போலத் தோன்றும்.

ஆனால் நீங்கள் ஏறுவது ஒரு உச்சி அல்ல. சுமார் 200 மீட்டரில் புறப்பட்டு 506-க்கு ஏறுகிறீர்கள், ஏறியதில் ஒரு பங்கை இறங்கிவிடுகிறீர்கள், திரும்ப 573-க்கு ஏறுகிறீர்கள், திரும்ப இறங்குகிறீர்கள். ஐந்து தடவை இதே கதை. எல்லா ஏற்றத்தையும் கூட்டினால் 700 - 800 மீட்டர் வரும். தூரம் 16, 17 கிலோமீட்டர். இதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்குப் போட ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் நெய்ஸ்மித் 1892-ல் ஒரு வழி சொல்லிவிட்டுப் போனார். இன்றைக்கும் இங்கே எல்லோரும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதன்மேல் ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் 10 நிமிடம். 17 கிலோமீட்டருக்கு மூன்று மணி இருபத்தைந்து நிமிடம், 800 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி இருபது நிமிடம், ஆக நாலே முக்கால் மணி நேரம். இது நிற்காமல் நடப்பவருக்கான கணக்கு. சாப்பிட, போட்டோ எடுக்க, ஷூ லேஸ் கட்ட, மூச்சு வாங்க எல்லாம் சேர்த்தால் ஆறரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை என்றால் ஏழு.

அடுத்தது காற்று. என் அனுபவத்தில் இந்த முகட்டில் ஒரு நாள் நன்றாகப் போவதும் வீணாவதும் காற்றின் கையில்தான் இருக்கிறது, மழையில் அல்ல. இந்த ஊரில் பெரும்பாலும் காற்று தென்மேற்கிலிருந்து வரும். ஃப்ளாட்டர்ஸ்டோனிலிருந்து முகட்டில் ஏறி நீங்கள் நடக்கப் போவதும் தென்மேற்காகத்தான். அதாவது ஐந்து உச்சிகளும் முழுக்க எதிர்க்காற்றில். மேலே மரம் கிடையாது, ஒதுங்க இடம் கிடையாது. எடின்பரோவில் குடை மடங்கும் அளவுக்குக் காற்று என்றால், கார்னெத்தியில் பேச்சே கேட்காது. எனவே முந்தின நாள் இரவு வானிலை பார்க்கும்போது மழை வருமா என்று மட்டும் பார்க்காதீர்கள். முகட்டில் காற்றின் வேகம் எவ்வளவு, எந்தத் திசை என்று பாருங்கள். மலைகளுக்கென்றே தனியாக வானிலை சொல்லும் சேவைகள் உண்டு, அவை உச்சியின் காற்றையும் குளிரையும் தனியாகச் சொல்லும். மணிக்கு 40 மைலுக்கு மேல் என்றால் வேறு நாள் போங்கள். 25, 30 என்றால் ஒரு நல்ல வழி இருக்கிறது: சுற்றைத் தலைகீழாக நடங்கள். முதலில் கீழே நீர்த்தேக்கச் சாலையில் ஒதுக்கமாக நடந்து, வெஸ்ட் கிப்பில் ஏறி, காற்று முதுகைத் தள்ள முகட்டில் திரும்பி வரலாம். ஏறக்குறைய எல்லா வழிகாட்டிகளும் டர்ன்ஹவுஸிலிருந்தே தொடங்கும். காற்று நாட்களில் நான் ஒருபோதும் அப்படி நடப்பதில்லை.

குளிரையும் கணக்கில் வையுங்கள். 150 மீட்டர் ஏறினால் தோராயமாக ஒரு டிகிரி குறையும். நகரத்தில் 12 டிகிரி என்றால் மேலே 9 இருக்கும், காற்றோடு சேர்ந்தால் உடம்புக்கு 3, 4 போல இருக்கும்.

இனி நடை.

எடின்பரோவிலிருந்து பிகர், டம்ஃப்ரீஸ் பக்கம் போகும் பஸ் ஏ702 சாலையில் ஃப்ளாட்டர்ஸ்டோன் வழியாகப் போகும். அங்கே ஒரு பழைய விடுதி, கார் நிறுத்தும் இடம், பூங்காவின் தகவல் மையம். 1986 முதல் பென்ட்லண்ட் ஒரு வட்டாரப் பூங்கா. தார்ச் சாலையில் மரங்களுக்கு நடுவே சற்றுத் தூரம் நடந்தால் இடப்பக்கம் ஒரு பாதை பிரிந்து, சிற்றோடையை ஒரு நடைபாலத்தில் கடந்து நேரே மேட்டில் ஏறும். கேட்டைத் திறந்தால் பின்னால் மூடுங்கள். மூடாமல் திறந்தே கட்டியிருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள், ஆடுகள் தண்ணீருக்குப் போக வழி விட்டிருப்பார்கள்.

இந்த முதல் ஏற்றம்தான் அன்றைய நாளின் மிக நீளமான ஏற்றம். அரைமணி நேரத்திலேயே தொடை எரியும், இன்னும் நாலு உச்சி இருக்கிறதே என்று மனம் தளரும். தளர வேண்டாம், அடுத்த நாலும் இதைவிடச் சிறியவை. பேசிக்கொண்டே ஏறும் வேகத்தில் ஏறுங்கள். பேச்சு நின்றுவிட்டால் வேகம் அதிகம் என்று அர்த்தம். பாதியில் சில மரங்கள் வடகிழக்காகச் சாய்ந்து நிற்கும். ஒரு பக்கம் கிளையே இருக்காது, இன்னொரு பக்கம் தலைமுடியை வாரிவிட்டது போல நீண்டிருக்கும். இந்த முகட்டில் வருடம் முழுக்கக் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதை அந்த மரங்களைப் பார்த்தே படித்துவிடலாம்.

டர்ன்ஹவுஸ் உச்சியில் பரந்த புல்வெளி. வடக்கே எடின்பரோ முழுவதும் விரிந்து கிடக்கும். நகரத்துக்குள் இருக்கும் ஆர்தர்ஸ் சீட் குன்று அங்கிருந்து பார்த்தால் வீட்டுக் கூரைகளுக்கு நடுவே படுத்திருக்கும் ஒரு விலங்கு. அதற்கு அப்பால் ஃபோர்த் கழிமுகம், தெளிவான நாளில் கிழக்கே பாஸ் ராக் தீவு வெள்ளையாகத் தெரியும். அந்த வெள்ளை முழுக்க அங்கே கூடுகட்டும் கேனட் கடற்பறவைகளும் அவற்றின் எச்சமும்.

அந்த அழகை முழுக்கப் பார்த்துவிட்டு, தெற்குப் பக்கச் சரிவையும் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். அந்தச் சரிவின் அடியில் ரல்லியன் கிரீன் என்ற இடம். மன்னர் தங்கள் திருச்சபைமேல் பிஷப்புகளைத் திணிப்பதை ஏற்காத கவனன்டர் என்னும் புராட்டஸ்டண்டுகள் 1666 நவம்பரில் தென்மேற்கு ஸ்காட்லாந்தில் கிளர்ந்தெழுந்து, மழையிலும் சேற்றிலும் எடின்பரோவை நோக்கி நடந்து வந்தார்கள். நகரம் கதவைத் திறக்கவில்லை. ஊர் திரும்பும் வழியில் நவம்பர் 28 அன்று, டாம் டாலியெல் தலைமையில் வந்த அரசுப் படை அவர்களை இங்கே மடக்கியது. கிளர்ச்சிக்காரர்கள் சுமார் 900 பேர், எதிரில் அதைப்போல் மூன்று மடங்கு. பொழுது சாயும் நேரத்தில் எல்லாம் முடிந்தது. சுமார் 50 பேர் அங்கேயே செத்தார்கள், பிடிபட்டவர்களில் பலரை எடின்பரோவில் தூக்கிலிட்டார்கள். கீழே தோப்பின் ஓரத்தில் அவர்களுக்கு ஒரு நினைவுக் கல் இருக்கிறது.

காயம்பட்டுத் தப்பிய ஒருவரைப் பற்றி இந்தக் குன்றுகளில் ஒரு கதை வழங்குகிறது. அவர் இரவோடு இரவாகப் பென்ட்லண்டின் தென்மேற்கு மூலை வரை தடுமாறி நடந்தாராம். ஒரு மேய்ப்பர் அவரைக் கண்டு உதவ முயன்றும் பிழைக்கவில்லை. சாகும் முன், என் ஊர் ஏர்ஷயர் மலைகள் கண்ணில் படும் இடத்தில் என்னைப் புதையுங்கள் என்று கேட்டாராம். மேய்ப்பர் அந்த உடலைச் சுமந்து பிளாக் லா என்ற குன்றின்மேல், தூரத்து மலைகளுக்கு நடுவே ஓர் இடைவெளியில் ஏர்ஷயர் தெரியும் இடத்தில் புதைத்தார். கல்லறை இன்றும் இருக்கிறது. உங்கள் சுற்றில் அது வராது, தனியாக ஒரு நாள் போக வேண்டும். நான் போனேன். அந்த இடைவெளி உண்மையாகவே தெரிகிறது.

சரி, கார்னெத்தி. டர்ன்ஹவுஸிலிருந்து இறங்கி ஏறும்போது புல் மறைந்து ஹெதர் புதர் தொடங்கும். கடைசிப் பகுதி உதிர்கல், கால் சற்று வழுக்கும். உச்சியில் ஒரு பெரிய கற்குவியல் உண்டு. நடப்பவர்கள் ஆளுக்கொரு கல்லாகப் போட்டுச் சேர்த்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது வெண்கலக் காலத்து ஈமக்குவியல். யாரோ ஒரு பெரியவரை இவ்வளவு உயரத்தில் அடக்கம் செய்து கல் குவித்திருக்கிறார்கள். பின்னால் வந்தவர்கள் காற்றுக்கு ஒதுங்க அதில் குழிகளைத் தோண்டிவிட்டார்கள். நானும் அந்தக் குழிகளில் உட்கார்ந்துதான் டீ குடிக்கிறேன், வேறு ஒதுக்கம் இல்லை. ஆனால் கல்லைப் புரட்டாதீர்கள், மேலே புதிதாக அடுக்காதீர்கள். அந்தக் குழிக்குள் தலை தாழ்ந்த அந்த நொடியில் காற்றுச் சத்தம் சட்டென்று நின்றுபோகும். ஃபிளாஸ்க் மூடியில் டீ ஊற்றும் சத்தம் கேட்கும். கல்லிடுக்கில் சாம்பல் நிறத்திலும் மஞ்சளாகவும் படர்ந்த பாசிப்பூச்சு, அதில் சிக்கிய ஒரு கற்றை ஆட்டு ரோமம். தலையைத் தூக்கினால் திரும்பவும் காற்று.

சாப்பாட்டைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதல் வருடம் புளிசாதம்தான் கட்டிக்கொண்டு போவேன். குளிரில் சோறு விறைத்துவிடும், கையுறையைக் கழற்றினால் விரல் மரத்துப்போகும். இப்போது சப்பாத்தியில் உருளைக்கிழங்குப் பொரியலைச் சுருட்டி எடுத்துப் போகிறேன். கையுறையோடே சாப்பிடலாம், நடந்துகொண்டும் சாப்பிடலாம். வேர்க்கடலை மிட்டாய், பேரீச்சம்பழம், ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர். வழியில் கடை கிடையாது. ஓடைத் தண்ணீர் தெளிவாக இருந்தாலும் மேலே ஆடுகள் மேய்கின்றன.

கார்னெத்திக்கும் ஸ்கால்ட் லாவுக்கும் நடுவிலுள்ள கணவாய்தான் இந்த நாளின் முக்கியமான இடம். அதன் குறுக்கே போகும் பாதைக்குக் கிர்க் ரோடு என்று பெயர். கிர்க் என்றால் ஸ்காட்ஸ் மொழியில் தேவாலயம். பள்ளத்தாக்கில் இருந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தக் கணவாயைத் தாண்டித்தான் பெனிகுக் தேவாலயத்துக்குப் போய் வந்தார்கள், மழையிலும் பனியிலும். நீங்கள் அங்கே நின்று மணியைப் பாருங்கள், வானத்தைப் பாருங்கள், அறைத்தோழியின் முகத்தைப் பாருங்கள். மூன்றில் ஒன்று சரியில்லை என்றாலும் வலப்பக்கம் திரும்பிக் கிர்க் ரோட்டில் இறங்குங்கள். அரைமணிக்குள் லோகன்லீ நீர்த்தேக்கத்தின் தார்ச் சாலை வந்துவிடும், அங்கிருந்து ஃப்ளாட்டர்ஸ்டோன் வரை ஏறக்குறைய சமதளம். இரண்டு உச்சியோடு திரும்பினாலும் அது ஒரு முழு நடைதான். பெரிய மலைகளில் பாதியில் இப்படி வசதியாக இறங்க வழி கிடைக்காது. இந்தச் சுற்றை முதல் நடைக்கு நான் சொல்வதற்கே இந்தக் கணவாய்தான் காரணம். திரும்புவது என்ற முடிவை ஆபத்தில்லாத இடத்தில் ஒருமுறை எடுத்துப் பழகிக்கொண்டால், ஆபத்தான இடத்தில் அதே முடிவை எடுக்கக் கூச்சம் வராது.

வானம் தெளிவாக இருந்தால் மேலே போவோம். ஸ்கால்ட் லா செங்குத்தான ஏற்றம், ஆனால் குட்டையானது. 'லா' என்பது தென் ஸ்காட்லாந்தில் தனியாக எழுந்த உருண்டைக் குன்றுக்குப் பெயர். உச்சியில் அந்தக் காலத்தில் நில அளவைக்கு நட்ட சிமெண்டுத் தூண், இங்கே ட்ரிக் பாயின்ட் என்பார்கள். எல்லோரும் தொட்டுவிட்டு, முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, தூணைச் சுற்றி வந்து போட்டோ எடுப்பார்கள். தெளிவான நாளில் அதில் தவறே இல்லை.

ஆனால் மேகம் இறங்கிய நாளில் அந்தத் தூணைச் சுற்றி வருவதுதான் ஆபத்து. ஓர் அக்டோபரில் நான் தனியாகப் போயிருந்தேன். கார்னெத்தி வரை வெயில். ஸ்கால்ட் லாவில் ஏறும்போது மேகம் மூடியது, பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. தூணின் ஒதுக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன், எழுந்தேன், கண்ணில் பட்ட பாதையில் நடந்தேன். பாதை நன்றாகவே இருந்தது, இறக்கமும் சரியாகத்தான் இருந்தது. போனில் மேப் பார்க்கலாம் என்று எடுத்தால், காலையில் முக்கால்வாசி இருந்த பேட்டரி குளிரில் செத்துக் கிடந்தது. கால் மணி நேரம் இறங்கியபின் ஒன்று உறைத்தது. காலையிலிருந்து காற்று நெற்றியில் அடித்துக்கொண்டிருந்தது. இப்போது வலது கன்னத்தில் அடிக்கிறது. காற்று திரும்பவில்லை, நான்தான் திரும்பியிருக்கிறேன். தென்மேற்கே போக வேண்டியவள் தென்கிழக்கே இறங்கிக்கொண்டிருந்தேன். சற்று நேரத்தில் கீழே லாரிச் சத்தம் கேட்டது, ஏ702 சாலை. தவறான பக்கம் இறங்கியும் சாலையில் போய்ச் சேரும் குன்று என்பதால் பிழைத்தேன். இதே தவறைக் கெய்ர்ன்கார்ம் மலைமேட்டிலோ பென் நெவிஸிலோ செய்திருந்தால் பாறை விளிம்பில் முடிந்திருக்கும்.

அன்றிலிருந்து காகித மேப்பும் திசைகாட்டியும் இல்லாமல் நான் வீட்டை விட்டுக் கிளம்புவதில்லை. பென்ட்லண்டுக்கு, பிரிட்டனின் நில வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் 344 என்ற 1:25,000 மேப். பெரிய வித்தையெல்லாம் தெரிய வேண்டாம். மேப்பின் வடக்கையும் ஊசியின் வடக்கையும் ஒன்றாக்கிப் பிடிக்கத் தெரிந்தால், இந்த முகட்டுக்கு அதுவே போதும். ஒவ்வொரு உச்சியிலும் உட்காருவதற்கு முன்பே அடுத்த உச்சி எந்தத் திசை என்று பார்த்துவிட்டு உட்காருங்கள். போனைச் சட்டைக்குள், உடம்புச் சூட்டில் வையுங்கள்.

ஸ்கால்ட் லாவிலிருந்து இறங்கியதும் கிப்கள் இரண்டும் எதிரே நிற்கும். கிப் என்றால் கூர்முனைக் குன்று. இந்தச் சுற்றில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான், உயரமான ஸ்கால்ட் லா அல்ல. ஈஸ்ட் கிப்பில் நின்று வெஸ்ட் கிப்பைப் பார்த்தால், குழந்தை வரைந்த மலை போல ஒரே முக்கோணம். முகடு இங்கே ஒடுங்கி, இரண்டு பக்கமும் புல் சரிந்து இறங்கும். பயப்படும் அளவுக்கு இல்லை, ஆனால் மலைமேல் நடக்கிறோம் என்ற உணர்வு உடம்பு முழுக்க வரும். பிப்ரவரி மாதத்தில் இதே குன்றுகளில் ஓட்டப்பந்தயம் நடக்கும். ஐந்து குன்று, சுமார் பத்துக் கிலோமீட்டர். 1971-ல் தொடங்கியது, 1303-ல் பக்கத்தில் நடந்த ராஸ்லின் போரின் நினைவாக. கார்னெத்தியில் நீங்கள் கையூன்றி இறங்கும் உதிர்கல்லில் அவர்கள் தாவி ஓடி இறங்குவதை ஒருமுறை நின்று பார்த்தேன்.

ஆகஸ்டில் வந்தால் இந்தச் சரிவுகள் முழுக்க ஹெதர் பூத்து ஊதா நிறமாகும், காற்றில் தேன் வாசனை வரும். ஹெதருக்குள்ளிருந்து சிவப்புக் கிரவுஸ் பறவை திடீரென்று காலடியில் வெடித்தது போல எழும். 'கோ-பேக், கோ-பேக்' என்று கத்திக்கொண்டே தாழப் பறக்கும். முதல் தடவை நெஞ்சு திக்கென்றது. ஜூலையில் பாதையோரம் பிளேபெர்ரி பழுத்திருக்கும், கறுநீலம், சிறு மணி அளவு. விரலும் நாக்கும் கறையாகும்.

வெஸ்ட் கிப்பிலிருந்து மேற்கே இறங்கினால் குறுக்கே அகலமான ஒரு தடம் வரும். வலப்பக்கம் திரும்பி, பிளாக் ஹில்லின் கரிய சரிவைக் கண்ணில் வைத்துக்கொண்டு மேப் பார்த்து நடந்தால், பள்ளத்தாக்கின் தலைமாட்டில் 'தி ஹவ்' என்ற தனி வீட்டுக்கு வந்து சேரலாம். அதன் அருகே லோகன் ஓடையில் ஒரு சிறு அருவி உண்டு. இந்தப் பகுதியில் பாதைகள் பிரிவதால் கவனம் வேண்டும், களைத்த நேரத்தில்தான் தவறு வரும். அங்கிருந்து தார்ச் சாலை. முதலில் லோகன்லீ நீர்த்தேக்கம், அப்புறம் க்ளென்கோர்ஸ் நீர்த்தேக்கம். ஃப்ளாட்டர்ஸ்டோன் வரை ஐந்து கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். சிலருக்கு இந்தச் சாலை நடை சலிக்கும். எனக்குச் சலித்ததில்லை. காலையிலிருந்து ஒவ்வொன்றாகத் தாண்டி வந்த குன்றுகள் இப்போது வலப்பக்கம் வரிசையாக நிற்கும், தலைகீழாகத் தண்ணீரிலும் நிற்கும்.

க்ளென்கோர்ஸ் நீர்த்தேக்கம் எடின்பரோவின் தண்ணீர்த் தேவையை ஒட்டி 1820-களில் கட்டப்பட்டது. அதன் அடியில் புனித கேத்தரின் பெயரில் ஒரு பழைய சிற்றாலயம் மூழ்கிக் கிடக்கிறது. கடும் வறட்சியில் தண்ணீர் வற்றினால் அதன் கற்கள் வெளியே தெரியும். அந்த ஆலயம் எழுந்த கதையை இங்கே எல்லோரும் சொல்வார்கள். மன்னர் ராபர்ட் புரூஸ் எத்தனையோ தடவை துரத்தியும் பிடிபடாத ஒரு வெள்ளை மான் இந்த மலைகளில் இருந்ததாம். ராஸ்லினைச் சேர்ந்த சர் வில்லியம் சின்க்ளேர், என் வேட்டை நாய்கள் ஹெல்ப், ஹோல்டு இரண்டும் அது க்ளென்கோர்ஸ் ஓடையைத் தாண்டும் முன் பிடிக்கும் என்று தன் தலையைப் பணயம் வைத்தார். பிடித்தால் இந்த நிலமெல்லாம் அவருக்கு. மான் ஓடைக்குள் இறங்கிவிட்டது, அப்போதுதான் நாய்கள் அதை மடக்கின. தலை தப்பிய நன்றிக்குக் கட்டியது அந்த ஆலயம். வரலாறு எவ்வளவு, கற்பனை எவ்வளவு என்று பிரிக்க முடியாது. ஆனால் காலையில் நீங்கள் நடைபாலத்தில் கடந்த அதே ஓடைதான் அது.

மற்ற விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜீன்ஸ் போடாதீர்கள், நனைந்தால் காயாது, குளிரை இழுத்து உடம்போடு ஒட்டவைக்கும். சாதாரண பாலியெஸ்டர் டிராக் பேன்ட்டே மேல். அடிப்பாகம் நன்றாகப் பிடிக்கும் ஷூ, தண்ணீர் புகாத மேல்சட்டை, ஒரு கம்பளிச் சட்டை கூடுதலாக, தொப்பி, கையுறை, கோடையிலும் இவை எல்லாம். ஒரு சின்ன டார்ச். ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும், டிசம்பர் கடைசியில் மாலை நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். முதல் தடவைக்கு மே முதல் செப்டம்பர் வரை நல்ல காலம். இந்த மாதங்களில் பெரணியிலும் உயரமான புல்லிலும் உண்ணி இருக்கும். வீட்டுக்கு வந்ததும் முழங்காலின் பின்பக்கம், இடுப்பு, அக்குள் எல்லாம் பாருங்கள். கடித்திருந்தால் நுனி மெல்லிய இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேரே இழுங்கள். அடுத்த வாரங்களில் அந்த இடத்தைச் சுற்றிச் சிவந்த வளையம் பரவினால் லைம் நோயாக இருக்கலாம், உடனே டாக்டரிடம் போங்கள். மலையில் அடிபட்டால் 999 அழைத்து முதலில் போலீஸ், பிறகு மலை மீட்புக் குழு என்று கேட்க வேண்டும். சிக்னல் குறைவான இடத்தில் குறுஞ்செய்தி மட்டும் போகலாம். 999 எண்ணுக்கு 'register' என்ற ஆங்கிலச் சொல்லைக் குறுஞ்செய்தியாக அனுப்பி முன்கூட்டியே பதிவுசெய்துகொண்டால் செய்தி வழியாகவும் உதவி கேட்கலாம். இதை இன்றே செய்துவிடுங்கள்.

யாருடைய நிலத்தில் நடக்கிறோம், துரத்துவார்களோ என்று கேட்டிருந்தீர்கள். ஸ்காட்லாந்தில் 2003-ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம், பொறுப்போடு நடந்துகொள்ளும் யாருக்கும் மலையிலும் வயல்வெளியோரத்திலும் நடக்கும் உரிமையைக் கொடுத்திருக்கிறது. உள்ளூர்க்காரர், வெளிநாட்டு மாணவர் என்ற பேதம் அதில் இல்லை. பதிலுக்கு நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ஏப்ரல், மே மாதங்களில் ஆடுகள் குட்டி போடும், குட்டியோடு நிற்கும் கருமுக ஆட்டைச் சுற்றிக்கொண்டு போங்கள். வேலி தாண்ட மரப்படி போட்டிருக்கும் இடத்தில் மட்டும் தாண்டுங்கள். பள்ளத்தாக்கின் எதிர்ப்பக்கம் காசில்லா குன்றில் ராணுவத் துப்பாக்கிப் பயிற்சி நடக்கும். சிவப்புக் கொடி பறந்தால் அந்தப் பக்கம் போகக் கூடாது. உங்கள் சுற்று அதில் படாது.

பாதை சேறாக இருந்தால் ஓரமாகப் புல்லில் ஒதுங்கி நடக்கத் தோன்றும். தயவுசெய்து சேற்றிலேயே நடங்கள். ஒவ்வொருவரும் ஒதுங்கி ஒதுங்கித்தான் ஓரடிப் பாதை சில இடங்களில் மாட்டுவண்டி போகும் அகலத்துக்குக் கிழிந்து கிடக்கிறது. அதைச் சரிசெய்யத் தன்னார்வலர்கள் வார இறுதியில் கல் சுமக்கிறார்கள்.

ஐந்து உச்சி அதிகம் என்று பட்டால், நகரத்தின் தெற்கு விளிம்பில் ஸ்வான்ஸ்டனிலிருந்து ஏறி ஆலர்மியூர் (493 மீட்டர்), கெர்கெட்டன் (478 மீட்டர்) இரண்டையும் மூன்று, நாலு மணி நேரத்தில் முடிக்கலாம், டவுன் பஸ்ஸே போகும். ஆனால் அங்கே நகரத்தின் சாலைச் சத்தம் கூடவே வரும். ஒரு முழு நாளைக் கொடுக்க முடியும் என்றால் கிப்களுக்கே போங்கள்.

ஃப்ளாட்டர்ஸ்டோனில் பஸ் அடிக்கடி வராது, ஞாயிற்றுக்கிழமை இன்னும் குறைவு. திரும்பும் பஸ்கள் இரண்டின் நேரத்தைக் காலையிலேயே காகிதத்தில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசிப் பஸ்ஸை நம்பாமல் அதற்கு முந்தின பஸ்ஸுக்குத் திட்டமிடுங்கள். நிறுத்தம் வேகச் சாலையில் இருக்கிறது, பஸ் தெரிந்ததும் நன்றாகக் கையை நீட்டுங்கள்.